கரை ஒதுங்கிய தேயிலைப் பொட்டலங்கள்: போதைக் கடத்தலைத் தடுக்கும் ஒப்பந்தங்களில் கரையோர மக்கள் எங்கே?

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் மாமல்லபுரம் எங்கள் ஊராக இல்லை. இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அர்ச்சுனன் தபசு முன்பும் கடற்கரைக் கோயிலிலும் நடந்து பேசிய அந்த இரண்டு நாளுக்காகச் சாலையோரக் கடைகள் எடுக்கப்பட்டன. கடலுக்குப் போக வேண்டாம் என்று குப்பங்களுக்குச் சொல்லப்பட்டது. எட்டு மாதம் கழித்து, 2020 ஜூனில், ஊரடங்கின் நடுவே அதே கரையில் கொக்கிலமேடு குப்பத்தருகே ஒரு டிரம் ஒதுங்கியது. உள்ளே சீன எழுத்துகளும் 'சீனத் தேயிலை' என்ற ஆங்கில அச்சும் கொண்ட பொட்டலங்கள். மீனவர்கள் போலீசுக்குச் சொன்னார்கள். பரிசோதித்தபோது அது தேயிலை இல்லை, மெத்தாம்பெட்டமின் என்று தெரிந்தது. எழுபது கிலோவுக்கும் மேல்.

சீன அதிபர் வந்துபோன இடத்துக்குச் சீனத் தேயிலையும் வந்துவிட்டது என்று அப்போது ஊரில் கேலி பேசிக்கொண்டார்கள். பொட்டலத்தில் இருக்கும் எழுத்தை வைத்து நாட்டைத் தீர்மானிப்பது தவறு. இந்தத் தேயிலைப் பை தென்கிழக்காசியக் கடத்தல் கும்பல்களின் வழக்கமான உறை. மியான்மரின் ஷான் மாநிலத்து ஆய்வகங்களிலிருந்து வெளியேறும் சரக்கு இப்படித்தான் கட்டப்படுகிறது என்று ஐ.நா.வின் போதைப்பொருள் குற்றத் தடுப்பு அலுவலகம் பல ஆண்டுகளாக எழுதிவருகிறது.

அந்த டிரம் விஷயத்தில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது வேறு ஒன்று. அதைக் கண்டது ரோந்துக் கப்பல் இல்லை, ரேடார் இல்லை. குப்பத்து ஆட்கள் பார்த்தார்கள், சொன்னார்கள். எட்டு மாதத்துக்கு முன் பாதுகாப்புக்கு இடைஞ்சல் என்று கரையில் நிறுத்திவைக்கப்பட்டவர்கள்தான் அரசுக்கு முதல் தகவலைக் கொடுத்தார்கள்.

இன்று அப்படி ஒன்று ஒதுங்கினால் சொல்வார்களா? என் பெரியப்பா மகன் பருவத்தில் படகுக் கூலியாகக் கடலுக்குப் போவார், மற்ற நாள்களில் மீன் லோடு ஏற்றுவார். போன வருடம் ஒரு விடியற்காலையில் வாய் கட்டிய வெள்ளைக் கேன் ஒன்று மணலில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். தொடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். "இன்னாம்மா படிக்கிற நீ? போன் போட்டா மொதல்ல என் பேரத்தான் எழுதுவான். உள்ள டீசல் இருந்தா சிரிச்சிட்டுப் போயிடுவான். வேற ஏதனா இருந்தா நாந்தான் கொண்டாந்தேன்னு ஆயிடும். கடல்லேந்து வந்தத கடலே எடுத்துட்டுப் போவட்டும்" என்றார்.

அண்ணனின் பயத்துக்கு ஒரு முகவரி உண்டு. எங்கள் தெரு குப்பத்தில் இல்லை, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே இருக்கிறது. குப்பத்தில் ஒருவரை நிலையத்துக்குக் கூப்பிட்டால் பின்னாலேயே ஊர்ப் பஞ்சாயத்தார் போவார்கள், சங்கம் போகும். சேரியிலிருந்தோ இருளர் குடியிருப்பிலிருந்தோ ஒருவரைக் கூப்பிட்டால் பின்னால் அவருடைய மனைவி போவார். மீனவர்களையும் எங்களையும் ஒரே மூச்சில் 'கடலோர மக்கள்' என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வேறுபாடு வருவதில்லை. என் ஆய்வேட்டின் முதல் வரைவிலும் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு என்று நாம் செய்தியில் படிப்பதை இந்தத் தெருவிலிருந்து பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒப்பந்தங்களுக்குப் பஞ்சமில்லை. 1990 நவம்பரில் மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் சார்க் நாடுகள் போதைப்பொருள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது 1993-இல் நடைமுறைக்கு வந்தது. குற்றத் தகவல்களைத் தொகுக்க 1992-இல் கொழும்பில் ஒரு கண்காணிப்பு மையம் அமைந்தது. சார்க் மாநாடு கடைசியாகக் கூடியது 2014-இல் காத்மாண்டுவில். இந்திய - பாகிஸ்தான் பகையில் அது அப்படியே உறைந்துவிட்டது. அதற்கு மாற்றாக முன்வைக்கப்படும் பிம்ஸ்டெக் அமைப்பில் வங்காள விரிகுடாவைச் சுற்றியும் அதையொட்டியும் உள்ள ஏழு நாடுகள் இருக்கின்றன. பயங்கரவாதம், எல்லை கடந்த குற்றம், போதைக் கடத்தல் மூன்றையும் சேர்த்த அதன் ஒப்பந்தம் 2009 டிசம்பரில் மியான்மரின் நேப்பியிதோவில் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தது 2021 மார்ச் 16. பதினொன்றேகால் ஆண்டு. அதற்கு ஆறு வாரம் முன்புதான் மியான்மர் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்திருந்தது. சரக்கு எந்த நாட்டிலிருந்து அதிகம் புறப்படுகிறதோ அந்த நாடு, தன் எல்லைப் பகுதிகளைத் தானே கட்டுப்படுத்தாத ஒரு ராணுவக் குழுவின் கையில் இருக்கும்போது ஒத்துழைப்பு ஒப்பந்தம் உயிர்பெற்றது.

ஒத்துழைப்பே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் இலங்கைக் கடற்படை கொடுத்த தகவலின்பேரில் இந்தியக் கடற்படை அரபிக்கடலில் இரண்டு இலங்கைப் படகுகளை மடக்கி 500 கிலோ மெத்தாம்பெட்டமினைப் பிடித்து, படகுகளையும் ஆட்களையும் இலங்கையிடம் ஒப்படைத்தது. அதே மாதம் அந்தமான் கடலில், பாரன் தீவு அருகே, ஒரு மியான்மர் மீன்பிடிப் படகில் இந்தியக் கடலோரக் காவல் படை ஐந்தரை டன் அளவுக்குப் பிடித்தது. அந்தச் சரக்கு கரைக்கு வராமல் போனது நல்லதுதான்.

ஆனால் அந்தமான் படகில் பிடிபட்டவர்கள் ஆறு பேர். அந்த ஐந்தரை டன்னுக்கு முதல் போட்டவர்களில் ஒருவராவது அந்தப் படகில் இருந்திருப்பாரா? படகில் இருப்பவர் எப்போதும் கூலி. சரக்கின் மதிப்பு செய்தியில் ஆயிரக்கணக்கான கோடி என்று வரும். அதைச் சுமந்தவருக்கு எவ்வளவு பேசப்பட்டது என்பதை எந்தப் பத்திரிகைக் குறிப்பும் சொல்வதில்லை.

இந்த ஒப்பந்தங்கள் தகவலைப் பகிர்கின்றன, கைதியைப் பகிர்கின்றன. கைதியின் உரிமையை எவரும் பகிர்வதில்லை. இதற்கு எங்கள் கண் முன்னால் நடந்த உதாரணம் ராமேஸ்வரம் மீனவர் ஐவர் வழக்கு. 2011 நவம்பரில் இலங்கைக் கடற்படை அவர்களைப் பிடித்தது. ஹெராயின் கடத்தியதாகக் குற்றச்சாட்டு. இல்லவே இல்லை என்று குடும்பங்கள் கதறின. மூன்று ஆண்டு சிறை. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ராமேஸ்வரம் தீவு கொந்தளித்தது, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, பேருந்து எரிந்தது. நவம்பர் 19 அன்று அன்றைய அதிபர் ராஜபக்சே பொதுமன்னிப்பு கொடுத்தார். மறு வாரம் காத்மாண்டுவில் அந்தக் கடைசி சார்க் மாநாடு. இரு நாட்டுத் தலைவர்களும் புன்னகையோடு கலந்துகொண்டார்கள்.

ஐவரும் உயிரோடு திரும்பியதில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று பாருங்கள். மேல்முறையீடு விசாரிக்கப்பட்டு, சாட்சியம் சரிபார்க்கப்பட்டு, குற்றமற்றவர்கள் என்று ஒரு நீதிமன்றம் சொல்லித் திரும்பவில்லை. மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மன்னிக்கப்பட்டுத் திரும்பினார்கள். அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் கிடையாது. அதே தீர்ப்பில் மரண தண்டனை பெற்ற இலங்கைக்காரர்கள் மூவர் உண்டு. அவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் நான் ஒரு சுவரொட்டியும் பார்த்ததில்லை. நமக்குத் தெருவில் இறங்க ஒரு தீவு இருந்தது, பேச ஒரு மாநில அரசும் ஒன்றிய அரசும் இருந்தன. அவர்களுக்கு?

இலங்கையை மட்டும் குறை சொல்லி நகர்ந்துவிட முடியாது. நம்முடைய 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் என்ன சொல்கிறது? பொருள் உன் வசம் இருந்தால் நீ குற்றம் செய்தாய் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், தெரியாது என்பதை நீதான் நிரூபிக்க வேண்டும் என்கின்றன 35, 54-ஆம் பிரிவுகள். வணிக அளவு என்றால், நீ குற்றமற்றவன் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றம் கருதினால்தான் ஜாமீன் என்கிறது 37-ஆம் பிரிவு. மெத்தாம்பெட்டமினுக்கு வணிக அளவு 50 கிராம். அதற்குத் தண்டனை குறைந்தது பத்தாண்டு. கொக்கிலமேட்டு டிரம்மிலிருந்து ஒரே ஒரு பொட்டலத்தைத் தேயிலை என்று நினைத்து ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் போதும். என் அண்ணன் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். இந்தப் பிரிவுகளில் எதையும் படித்ததில்லை. ஆனால் சட்டம் அவரை எப்படிப் பார்க்கும் என்று சரியாகச் சொல்லிவிட்டார்.

விசாரணை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை வைத்தே தண்டிக்கும் வழக்கமும் இருந்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 அக்டோபரில், தோஃபன் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில். சட்டம் வந்து முப்பத்தைந்து ஆண்டு கழித்து. அதற்குள் உள்ளே போய்க் கிழடானவர்கள் எத்தனை பேர், யார் யார்?

யார் யார் என்ற கேள்விதான் நம் இயக்கத்தின் கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சிறையில் இருக்கும் விசாரணைக் கைதிகளில் ஐந்தில் ஒருவர். பழங்குடியினரின் பங்கும் மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதல். ஆங்கிலேயர் 1871-இல் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டபோது பிறப்பையே குற்றமாக்கினார்கள். சட்டம் போய்விட்டது, சந்தேகப்படும் பழக்கம் போகவில்லை. எங்காவது கஞ்சா என்றால் முதலில் எந்தத் தெருவுக்கு ஜீப் வரும் என்பது இதைப் படிக்கும் பலருக்கும் நான் சொல்லாமலே தெரியும். தமிழ்நாட்டில் கூடுதலாகக் குண்டர் சட்டம் இருக்கிறது. 1982-இன் அந்தச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளியும் ஒரு வகை. ஓராண்டு, ஜாமீன் இல்லாமல்.

இதே கடலில் ஒரு காலத்தில் அபின் கப்பல் கப்பலாகப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்திலும் பீகாரிலும் விளைவித்து ஏலம் விட்டது, அதைச் சீனாவில் விற்கப் பிரிட்டன் போரே நடத்தியது. அதில் பணம் பண்ணிய பம்பாய் வணிகர் ஒருவர் 'சர்' பட்டமும் பரம்பரைப் பட்டமும் பெற்றார். ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் பெயரில் இன்றும் கலைக் கல்லூரியும் மருத்துவமனையும் உண்டு. அவரைக் கடத்தல்காரர் என்று யாரும் எழுதுவதில்லை.

இன்றைக்கும் பெரும் சரக்கு ஃபைபர் படகில் மட்டும் வருவதில்லை. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் பிடிபட்ட ஹெராயின் ஏறக்குறைய 3,000 கிலோ. ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரான் துறைமுகம் வழியாக, டால்க் கல் என்ற பெயரில், முறையான இறக்குமதிப் பத்திரங்களோடு கண்டெய்னரில் வந்தது. இறக்குமதி நிறுவனம் விஜயவாடா முகவரியில் பதிவானது. அதன் உரிமையாளர்களாகக் காட்டப்பட்ட தம்பதி கைதானது சென்னையில். கொக்கிலமேட்டு டிரம்மைப் போல நாற்பது மடங்கு சரக்கு, ஜி.எஸ்.டி. எண்ணும் கப்பல் ரசீதும் வைத்துக்கொண்டு வருகிறது. அதற்காக எந்த வணிகர் தெருவிலும் ஜீப் நின்று வீடு வீடாகச் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஒருவர் செய்த குற்றத்துக்கு ஒரு தெருவையே சந்தேகிக்கக் கூடாது என்ற நாகரிகம் அங்கே இருக்கிறது. அது எங்கள் தெருவுக்கும் வரட்டும்.

மெத்தாம்பெட்டமின் செடியில் காய்ப்பதும் இல்லை. எஃபெட்ரின், சூடோஎஃபெட்ரின் போன்ற மூலப்பொருள்கள் வேண்டும். சளி மருந்துக்குப் பயன்படும் இவற்றை உலகில் அதிகம் தயாரிக்கும் நாடுகளில் இந்தியா ஒன்று. இங்கிருந்து மியான்மருக்கு இவை கடத்தப்படுவது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. அதாவது நம் கரையில் ஒதுங்கும் பொட்டலத்தின் மூலப்பொருள் உரிமம் பெற்ற ஓர் இந்தியத் தொழிற்சாலையிலிருந்தே புறப்பட்டிருக்கக்கூடும். 2024 தொடக்கத்தில் டெல்லியில் 50 கிலோ சூடோஎஃபெட்ரின் பிடிபட்டு, தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் ஒருவர் கைதான வழக்கு நினைவிருக்கும். அந்த வழக்கு முடியவில்லை, குற்றம் நிரூபிக்கப்படும்வரை அவரும் குற்றம் சாட்டப்பட்டவர்தான். நான் கவனிக்கச் சொல்வது வழக்கு தொடங்கிய விதத்தை. நியூசிலாந்து சுங்கத் துறையும் ஆஸ்திரேலியக் காவல் துறையும் கொடுத்த தகவலில் அது தொடங்கியது. தேங்காய்த் தூள், சத்துமாவு என்ற பெயரில் போன ஏற்றுமதிச் சரக்கைப் பின்தொடர்ந்து வந்தார்கள். காகிதத்தைப் பின்தொடரும் ஒத்துழைப்பு சாத்தியம் என்பதற்கு அது சான்று.

கடுமை காட்டினால் கடத்தல் ஒழியும் என்று நினைப்பவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. சிங்கப்பூரைப் பார் என்பார்கள். பார்ப்போம். 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு மலேசியாவிலிருந்து எல்லை தாண்டியதற்காக 2009-இல் பிடிபட்ட நாகேந்திரன் தர்மலிங்கம் 2022 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவ மதிப்பீடு இருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில், ஒரு கிலோ கஞ்சா கடத்த உடந்தை என்று தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டார். கஞ்சாவை அவர் கையில் யாரும் பிடிக்கவில்லை, அவரை வழக்கோடு இணைத்ததில் தொலைபேசி எண்கள் முக்கியச் சான்று. இரண்டு பெயரும் நம் பெயர்கள். மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் பலர் எங்கள் செங்கல்பட்டு, வட ஆற்காடு, தஞ்சைச் சேரிகளிலிருந்து போனவர்கள். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் அறிக்கை எழுதியதும் அந்த மக்களின் நிலமின்மையைப் பற்றித்தான். அதன் பேரில் வந்த பஞ்சமி நிலம் எங்கே போனது என்பதற்குக் காரணை சாட்சி, 1994-இல் சுடப்பட்ட ஜான் தாமஸும் ஏழுமலையும் சாட்சி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட் சுவர்களுக்குப் பின்னால் எஞ்சியதும் போனது. நிலம் இல்லாதவன் கூலிக்குப் போவான். எந்தச் சுமைக்கு என்று கேட்கிற வசதி எல்லாக் கூலிக்கும் கிடைப்பதில்லை.

இதைச் சொன்னால் போதைக்கு வக்காலத்தா என்று கேட்கிறார்கள். எங்கள் தெருவில் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்ட பையனை நான் பார்த்திருக்கிறேன். அவன் அம்மா சத்துணவுக் கூடத்தில் வேலை செய்கிறார். மகனை ஒளித்துவைக்கவும் முடியாமல், மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவும் பயந்துபோய் நிற்கிறார். கூட்டிப்போனால் வழக்காகுமோ என்ற பயம். டாஸ்மாக்கால் ஏற்கெனவே பாதி செத்த தெருவுக்கு மீதிச் சாவு வேறு வடிவத்தில் வருகிறது. இந்தச் சரக்கு வரக்கூடாது என்பதில் எங்களைவிட அக்கறை உள்ளவர் யாரும் கடலோரக் காவல் படையில் இருக்க முடியாது.

அதனால்தான் அடுத்த பிம்ஸ்டெக் கூட்டத்தின் தீர்மானங்களில் ரோந்துக் கப்பலின் எண்ணிக்கைக்கு முன்பாக வேறு சிலவற்றைத் தேடுகிறேன். கரையிலோ கடலிலோ ஒதுங்கிய பொருளைக் கண்டு சொல்பவர் சாட்சி, குற்றவாளி அல்ல என்று ஏழு நாட்டுக்கும் பொதுவான ஓர் எழுத்து நடைமுறை வேண்டும். பெயர் பதியாமல் சொல்லவும், சொன்னதற்கு ரசீது பெறவும் வழி வேண்டும். இது இருந்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடற்கரைக்குச் சம்பளம் இல்லாத கண்காணிப்பு கிடைக்கும். அரசுக்கே லாபம். கடலில் பிடிபடுபவருக்கு அவர் மொழியில் மொழிபெயர்ப்பாளரும், முதல் விசாரணைக்கு முன் வழக்கறிஞரும் வேண்டும். வங்காள விரிகுடாவில் ஒரு படகில் தமிழ், சிங்களம், பர்மியம், வங்காளம் நான்கும் பேசும் கூலிகள் இருக்கலாம். பிடித்துக் கொடுக்கும் நாடு, வாங்கும் நாடு தூக்கிலிடாது என்ற உறுதியை எழுத்தில் வாங்க வேண்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே தண்டனைக் கைதிகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் 2010 முதல் இருக்கிறது. மீனவர் பிரச்சினைக்கென 2016-இல் அமைந்த கூட்டுப் பணிக்குழுவும் இருக்கிறது. போதை வழக்குகளில் சிக்கிய மீனவர்களின் கோப்பை அந்தக் குழுவின் மேசைக்குக் கொண்டுவரப் புது மாநாடு தேவையில்லை.

இன்னொன்று, நம் மாநில அரசு தனியாகவே செய்யக்கூடியது. போதைப்பொருள் சட்டத்திலும் குண்டர் சட்டத்திலும் சிறையில் இருப்பவர்களின் சாதி விவரத்தை மாவட்ட வாரியாக வெளியிடட்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் கைதிகளின் சாதி உண்டு, எந்தச் சட்டத்தில் எந்தச் சாதி என்ற பிரிப்பு இல்லை. ஆய்வுக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஓர் அலுவலகத்தைக் கேட்டேன். அப்படித் தொகுக்கப்படவில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. தொகுக்காததற்குக் காரணம் கேட்டு மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.